நூற்றுப் பதினாறு ராத்தல் ரெபேக்காள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு சின்ன அறிவிப்புச் செய்தார். வாலிபர் கூட்டத்தை நடத்திவந்த இளைஞருக்குக் கொழும்புக்கு மாற்றலாகிவிட்டது. இனி அதை யார் நடத்துவது? ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி நேரம். சம்பளம் கிடையாது. "விருப்பமுள்ளவர்கள் கையை உயர்த்தலாம்..."

அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எல்லோருக்கும் திடீரென்று பாட்டுப் புத்தகத்தில் அவசர வேலை வந்துவிட்டது. ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓர் அம்மா, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தட்டி எழுப்பி, அதை மறுபடி தூங்கவைக்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும், பேங்கில் வேலை பார்க்கிற ஓர் இளைஞர் என் பக்கத்தில் வந்தார்.

"மிஸ், நீங்கள் நாலு வருஷம் இந்த வேலையைச் செய்தனீங்களாம். அதிலை என்னத்தைக் கண்டீங்கள்?"

என்ன கண்டேனா? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். வாசகர்களே, நீங்கள் எந்த பஸ்ஸுக்கும் நிற்கவில்லை அல்லவா? உங்களிடம் சொல்கிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு ஆசிரியையாக வந்த புதிது. குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு குடை, நிறையத் தன்னம்பிக்கை — இவைதான் என் சொத்து. அப்போதிருந்த போதகர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "ஞாயிறு பின்னேரத்திலை உங்களுக்கு என்ன வேலை?"

"ஒன்றுமில்லை ஐயா" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நான் றொசல்லைக்கு ரயில் ஏறினேன். ஒரு ஸ்டேஷன் தூரம். ஸ்டேஷனுக்கு மேலே மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். அதற்குள் இரண்டு வாங்குப் பலகைகளில் பதினொரு பேர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஆறு பெண்கள், கொழுந்து பறிக்கிறவர்கள். ஐந்து இளைஞர்கள், பெக்டரியிலும் மலையிலும் வேலை செய்கிறவர்கள். எல்லோரும் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில். நான் அவர்களுடைய வழிகாட்டி. பெயர்ப் பலகை மாட்டுவது மாதிரி அப்படித்தான் அறிவித்தார் போதகர்.

என்னிடம் அச்சடித்த பாடப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு பாடம். பாடத்தின் முடிவில் கேள்வி. கேள்விக்குக் கீழே விடை. இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் நாளே ஒரு பெண் எழுந்து ஜெபித்தாள். "எங்களப் பாத்துக்கிட்டு இருக்குற ஆண்டவரே..." என்று தொடங்கினாள். ஜெபம் முடிந்ததும் நான் அன்பாக — ஆம், அன்பாகத்தான் — திருத்தினேன். "பார்த்துக்கொண்டிருக்கிற என்று சொல்ல வேணும், பிள்ளை."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல வழிகாட்டி, இல்லையா?

மூன்றாவது வாரம் அந்த மௌனத்தை உடைத்தவள்தான் ரெபேக்காள். பத்தொன்பது வயது. மெலிந்த உடம்பு. மழைக்குப் போர்த்துகிற கறுப்புக் கம்பிளிக்குள் அவளைத் தேடத்தான் வேண்டும். ஆனால் பேச எழுந்தால் கூசாமல் முகத்தைப் பார்த்துப் பேசுவாள்.

"டீச்சர், நீங்க பேசுறது எங்களுக்கு வெளங்குது. நாங்க பேசுறது ஒங்களுக்கு வெளங்கலீங்களா?"

"விளங்குது" என்றேன்.

"அப்ப சரிங்க. ரெண்டு பேருக்கும் வெளங்குது. ஆண்டவருக்கும் வெளங்கும். மேல பாடத்தச் சொல்லுங்க."

அன்றிலிருந்துதான் எங்கள் கூட்டம் கூட்டமானது. அதன்பின் நான் யாருடைய தமிழையும் திருத்தவில்லை.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு ஞாயிறு, சத்துருவை நேசிப்பது பற்றிய பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்தபடியே கேட்டேன்: "உங்கட சத்துரு ஆர்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கோ."

நான் எதிர்பார்த்தது என்ன? பொறாமை, சோம்பல், சாத்தான்... இந்த மாதிரி. அந்த விடைகள்தான் கேள்விக்குக் கீழே அச்சாகியிருந்தன.

"கணக்கப்பிள்ளை" என்றான் முதல் வாங்கில் இருந்த டானியல். பெக்டரியில் தேயிலைப் பெட்டி தூக்குகிறவன். நல்ல உடற்கட்டு, கொஞ்சம் வெட்டிப் பேசுகிற வாய்.

"கணக்கப்பிள்ளை" என்றாள் அடுத்தவள்.

பதினொரு பேரும் அதையே சொன்னார்கள்.

தோட்டத்தைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மலையில் பறித்த கொழுந்தை நிறுத்து, ஆளுக்கு இத்தனை ராத்தல் என்று பதிகிறவர் கணக்கப்பிள்ளை. மழை நாளில் இலை நனைந்திருக்கும். அந்தத் தண்ணீருக்கென்று இரண்டு மூன்று ராத்தலைக் கழிப்பார். எங்கள் பிள்ளைகளுடைய கணக்கப்பிள்ளை வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழிப்பாராம்! குறித்த ராத்தல் வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். அதாவது முழு நாள் மலையில் நின்றாலும் அரை நாள் வேலைதான் பதிவாகும்.

ரெபேக்காள் கடைசியாகப் பேசினாள்.

"போன வருசம் எங்க அம்மா காய்ச்சலோட மலைக்குப் போச்சுங்க. அன்னைக்கி அதிசயமா கூடை நிறைய பறிச்சிருச்சு. இந்த ஆளு நம்பல. அம்மா கூடைக்குள்ள கல்லு போட்டிருச்சுன்னு சொல்லி, அத்தன பேருக்கு முன்னாடி கூடையக் கவுத்துக் கொட்டுனாரு. கொழுந்தக் காலால கிண்டிக் கிண்டிப் பாத்தாரு."

"கல் இருந்ததோ?"

"இல்லீங்க. இல்லேன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல. அடுத்த ஆள வாங்கன்னு கூப்புட்டாரு. அம்மா குனிஞ்சு கொழுந்தப் பொறுக்குனிச்சு. எம் பக்கம் திரும்பவே இல்ல."

நான் புத்தகத்தைப் பார்த்தேன். சத்துருவுக்காக ஜெபிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஆகவே எல்லோரையும் தலை குனியச் சொல்லி, நானே கணக்கப்பிள்ளைக்காக ஒரு நீண்ட ஜெபம் செய்தேன். நல்ல ஜெபம்தான். கண்ணைத் திறந்தபோது ரெபேக்காள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடவே இல்லை போலிருக்கிறது.

"ஜெபம் பண்ணியாச்சுங்க டீச்சர். நாளைக்கிக் காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல அந்த ஆளு மூஞ்சிய எப்படிப் பாக்குறது? அத புஸ்தகத்துல போட்டிருக்காங்களா?"

போடவில்லை.

ஆறு வாரம் கழிந்தது. ஜூலை மாதம். றொசல்லைப் பக்கத்து மழையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அது பெய்வதில்லை, வந்து தங்கிவிடும். தகரக் கூரையில் சத்தம். நான் கத்திக் கத்திப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். கதவு திறந்தது.

காக்கிக் கோட்டும் அரைக் காற்சட்டையுமாக ஒரு மனிதர் வாசலில் நின்றார். நாற்பது வயது மதிக்கலாம். தலையில் தொப்பி இல்லை. தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அது மரியாதையா, பழக்கமா... எனக்கு உடனே புரிந்துவிட்டது, இவர் யாரென்று.

(அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று பிற்பாடு அவரே கேட்டுக்கொண்டார். கதையை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.)

"டீச்சரம்மா, போதகர் ஐயா இருக்காங்களா?"

"இல்லை. மஸ்கெலியாவுக்கு ஆராதனைக்குப் போயிற்றார். என்ன விஷயம்?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல... எம் பொஞ்சாதிக்கி... காலையில புள்ள பொறந்திச்சுங்க. பொம்பளப் புள்ள. அதுக்கப்புறம் ரெத்தம் நிக்கவே இல்ல. டவுன் ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனோம். ரெத்தம் ஏத்தணுமாம். எம் ரெத்தம் சேரலன்னுட்டாங்க. மச்சான் ரெத்தமும் சேரல. ஆளுகளக் கொண்டாங்கன்னு டொக்டர் சொல்றாரு. லயம் லயமாப் போயி கேட்டேன்..."

அவர் நிறுத்தினார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரத்தம் கொடுத்தால் செத்துப்போவோம் என்று அந்த நாளில் உறுதியாக நம்பினார்கள். அந்தப் பயம் பாதி. மீதிப் பாதி எதுவென்று அவருக்கே தெரியும்.

"போதகர் ஐயா சொன்னா யாராச்சும் வருவாங்கன்னு வந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். வாங்குகளின் பக்கம் அவர் கண் போகவே இல்லை. போகத் துணியவில்லை.

டானியல்தான் பேசினான். என்னிடம் பேசுவதுபோல, உரக்க:

"டீச்சர், நாங்க குடுக்குற ரெத்தத்துல தண்ணிக்கி எத்தன ராத்தல் கழிப்பாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளையின் தலை இன்னும் தாழ்ந்தது. நான்? வழிகாட்டி அல்லவா நான்? ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டானியலைக் கண்டித்திருக்கலாம். 'வாருங்கள், போவோம்' என்றிருக்கலாம். உண்மையைச் சொன்னால், டானியல் கேட்டதில் நியாயம் இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது.

வாங்கு ஒன்று கிறீச்சிட்டது. ரெபேக்காள் ஆணியில் தொங்கிய தன் கம்பிளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"லொறி நிக்குதுங்களா?" என்று கேட்டாள். கணக்கப்பிள்ளையிடம்தான்.

"நிக்குதும்மா."

"அப்ப ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க? வாங்க."

அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கினாள். பின்னாலேயே இன்னொரு பெண். பிறகு இரண்டு பேர். கடைசியில் டானியல் — "அட, என்ன இது..." என்று முணுமுணுத்துக்கொண்டே — லொறியில் ஏறினான். பதினொரு பேர். கொழுந்து ஏற்றுகிற லொறி. மேலே கிழிந்த ஒரு தார்ப்பாய். நடுவில் நான், உள்ளே விரிக்க முடியாத என் குடையோடு.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டொக்டர். சிங்களவர். களைத்த முகம். எங்களைப் பார்த்ததும் அவருடைய கண்கள் அகன்றன. "இவ்வளவு பேரா?" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒவ்வொருவரின் ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் எடுத்தார்கள். என் விரலையும் நீட்டினேன்.

என் ரத்தம் சேரவில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

இரண்டே பேருடைய ரத்தம் சேர்ந்தது. டானியல். ரெபேக்காள்.

டானியலைப் படுக்கவைத்தார்கள். ஊசியைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. இருந்தாலும் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "முழுசா எடுத்துக்குங்க டொக்டர். நாங்க கழிக்க மாட்டோம்" என்றான். கதவோரம் நின்ற கணக்கப்பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். கேட்டது. ஆனாலும் ஒரு போத்தல் நிறையும்வரை அவன் கையை அசைக்கவில்லை.

ஒரு போத்தல் போதாது, இன்னொன்று வேண்டும் என்றார் டொக்டர். ரெபேக்காளை நிறுவைக் கருவியில் ஏற்றினார்கள். சோமாவதி என்ற ஊழியப் பெண் எடையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு ராத்தல்.

டொக்டர் தலையை ஆட்டினார். "நூற்றுப் பத்து ராத்தலாவது வேணும். இந்தப் பிள்ளையிடம் எடுத்தால் இவளுக்கும் ஒரு கட்டில் போட வேண்டி வரும்" என்றார் என்னிடம். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கூடையில அம்பது ராத்தலு சொமக்கிறேன்."

"சுமக்கிறது வேறை, இது வேறை, பிள்ளை."

அவள் வாதாடவில்லை. வெளியே போய்விட்டாள். டொக்டர் கண்டிக்கு டெலிபோன் எடுக்க முயன்றார். மழையில் லைன் கிடைக்கவில்லை. கண்டியிலிருந்து வருவதென்றாலும் எத்தனை மணி நேரம்? உள்ளே கட்டிலில் இருந்த அந்தப் பெண்ணின் கையை நான் பார்த்தேன். உதிர்ந்த இலை மாதிரி விரிப்பின்மேல் கிடந்தது. பக்கத்துத் தொட்டிலில் குழந்தை ஓயாமல் அழுதது.

அரை மணி நேரம் போயிருக்கும். ரெபேக்காள் திரும்பி வந்தாள். கம்பிளியை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். மெதுவாக, மிக மெதுவாக நடந்தாள்.

"டொக்டர் ஐயா, இன்னொருக்கா நிறுத்துப் பாருங்க. அப்ப வெறும் வயிறுங்க. இப்பக் கடையில ரொட்டி தின்னுட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தேன்."

டொக்டர் களைப்போடு கையைக் காட்டினார். ஏறினாள். சோமாவதி எடையைத் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ரெபேக்காளைப் பார்த்தாள்.

நூற்றுப் பதினாறு ராத்தல்!

அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு ராத்தல் ரொட்டியா?

டொக்டர் எழுந்து வந்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "நங்கி, அந்தக் கம்பிளி எடுங்க" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"குளிருதுங்க."

"எடுங்க."

அவள் கம்பிளியைத் தளர்த்தியதுதான் தாமதம். ஒரு கல் சீமெந்துத் தரையில் விழுந்தது. அதன்பின் இன்னொன்று. ரோட்டோரத்தில் தார் போடக் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் கருங்கல். சேலை முந்தானையில் மூட்டையாகக் கட்டி இடுப்பைச் சுற்றி முடிந்திருந்தாள். முடிச்சு அவிழ்ந்து எல்லாம் கொட்டியது. ஒரு கல் உருண்டு போய்க் கதவோரம் நின்றது. கணக்கப்பிள்ளையின் காலடியில்.



ரெபேக்காள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. குத்திக்காட்டுகிற தொனியும் அதில் இல்லை. தெரியாத ஒருவருக்கு ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதுபோலச் சொன்னாள்:

"அன்னைக்கி எங்க அம்மா கூடையில கல்லு இல்லீங்க ஐயா. இன்னைக்கி எம் மடியில இருக்குது."

அவர் குனிந்து அந்தக் கல்லை எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய மனிதர், சத்தமில்லாமல் அழுதார்.

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சில நன்றாகவே இருந்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அந்த மருந்து வாசனை வீசுகிற அறையில், ஈரத் தரையில் சிதறிக் கிடந்த கற்களுக்கு நடுவே, எனக்கு முழங்காலிட வேண்டும்போல இருந்தது. தன்னை இத்தனை நாளாகக் குறைத்து நிறுத்த மனிதருக்குக் கொடுப்பதற்காக, தன்னைக் கூட்டி நிறுக்கச் சொல்லிக் கேட்டு நிற்கிறாள் ஒரு பெண். எங்கிருந்து வருகிறது இந்த மனம்?

டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "முடியாது, நங்கி" என்றார். "நீங்க நல்ல பிள்ளை. ஆனா, முடியாது."

"கொஞ்சமாச்சும் எடுங்க ஐயா. அரப் போத்தலு..."

"முடியாது."

அப்போதுதான் ஒருவரும் நினைக்காதது நடந்தது. நிறுவைக் கருவிக்குப் பக்கத்தில் நின்ற சோமாவதி தன் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டினாள்.

"மகே லே பலன்ன, மாத்தயா" என்றாள். என் ரத்தத்தைப் பாருங்கள், ஐயா.

நாள் முழுக்க அங்கேயே நின்றவள்தான். ரத்தம் வேண்டும் என்பது காலையிலிருந்து தெரிந்தவள்தான். பயமாக இருந்ததாம். பிறகு சிங்களத்தில் ஏதோ சொல்லி, ரெபேக்காளைக் காட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர். டொக்டர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்தக் குருவிக்கே பயமில்லையாம். தனக்கு நூற்று நாற்பது ராத்தல் இருக்கிறதாம், வெட்கமாக இருக்கிறதாம்."

அவள் ரத்தம் சேர்ந்தது.

இரண்டாவது போத்தல் ஏறும்வரை நாங்கள் விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். டானியல் ஒரு குவளைத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து இன்னொன்று கேட்டான். ரெபேக்காள் மட்டும் தனியாக ஒரு தூணோரம் நின்று அழுதாள்.

"ஏன் அழுகிறாய், பிள்ளை?"

"எல்லாரும் குடுத்தாங்க டீச்சர். நான் ஒண்ணுமே குடுக்கல."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு சின்னத் தோள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆறு மணிக்கு டொக்டர் வெளியே வந்தார். ரத்தம் நின்றுவிட்டது என்றார். பிழைத்துக்கொள்வாள்.

டானியல் "ஸ்தோத்திரம்" என்று கத்தினான். டொக்டர் உதட்டில் விரலை வைத்தார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவர்கள் சொன்ன கதை இது. திங்கட்கிழமை பின்னேரம், மலையில் கொழுந்து நிறுக்கிற இடம். வரிசையில் ரெபேக்காளுடைய தாய் எலிசம்மாவின் முறை வந்தது. கணக்கப்பிள்ளை தராசைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றினார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: "போன வருசம் இந்த அம்மா கூடையில கல்லு இல்ல. நான் சொன்னது பொய். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். மன்னிச்சிருங்கம்மா."

"உங்கட அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"சரி, நிறுங்கன்னுச்சுங்க" என்றாள் ரெபேக்காள்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்த இடத்தில் இன்னும் நாலு நல்ல வார்த்தை பேசியிருக்கலாமே என்று பட்டது.

அந்தக் கணக்கப்பிள்ளை ஒரே நாளில் மகானாகிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். மழை நாளில் தண்ணீருக்குக் கழிப்பது நிற்கவில்லை. அது தோட்டத்தை நடத்துகிற துரையின் உத்தரவு, அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வெயில் நாளில் கழிப்பது நின்றது. கோபம் வந்தால் கத்துகிற பழக்கம் அப்படியே இருந்தது. கத்திவிட்டு, டானியலைக் கண்டால் மட்டும் குரலை இறக்குவாராம். "எம் போத்தலு வேலை செய்யுது" என்பான் அவன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் தாய்க்கு இன்னும் எழுந்து நடக்கப் பலமில்லை என்று கேள்விப்பட்டேன். சொந்தக்காரப் பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு பால்மா டின்னோடு போனேன்.

கணக்கப்பிள்ளை வீட்டின் பின்கட்டில் புகை. வெந்நீர்ப் பானை. ஒரு பெண் சின்னப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, காலின்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த விரல்கள், கொழுந்துக் கறை ஏறிய நகங்கள். ஆனால் அந்தப் பிஞ்சு முதுகில் அவை போய்வந்த மென்மையை என்னவென்று சொல்வது! குழந்தை அழவே இல்லை.

"யாரம்மா நீங்கள்?"

"ரெபேக்கா அம்மாங்க. நீங்க அந்த டீச்சரம்மாதானே? ஒக்காருங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், தினமும் வேலைக்குப் போகுமுன், இருட்டோடு வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போகிறாராம். அன்றைக்கு அரை நாள் வேலை, அதனால் மத்தியானமும் வந்திருக்கிறார். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். "உங்களுக்கு அந்த மனிசரிலை கோபம் இல்லையோ?"

எலிசம்மா குழந்தையைப் புரட்டிப் போட்டார். முகத்தில் தண்ணீர் விழாமல் நெற்றியில் கையை அணையாக வைத்து, ஒரு செம்பு வெந்நீரை ஊற்றினார்.

"கோவம் இருக்குதுங்க. இல்லாமப் போகுமா? அதுக்காக, புள்ளைய யாரு குளிப்பாட்டுறது?"

எங்கள் கூட்டத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு விறகு பொறுக்குகிற நாள். ஒரு பாடமும் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டவும் தெரியாது. குழந்தையைத் துவட்டி, நெற்றியில் முத்தமிட்டு, என் மடியில் போட்டார். "கொஞ்சம் வச்சிருங்க டீச்சரம்மா, கஞ்சி பொங்கிடும்" என்று உள்ளே ஓடினார்.

இந்தப் பெண்ணின் மகளுக்குத்தான் நான் வழிகாட்டியாம்!